ஜிம்பாப்வேயில் பன்னிரண்டு நாட்கள்: அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாமா?

சிறுவாணிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வரும் செப்டம்பரில் எனக்கும் கணவருக்கும் சேர்ந்தாற்போல் பன்னிரண்டு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. பதினான்கு வயது மகளும் வருகிறாள். ஆப்பிரிக்காவில் யானை பார்க்க வேண்டும் என்று அவள் ஐந்தாம் வகுப்பிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

பயண ஏற்பாட்டாளர் ஒருவர் திட்டம் போட்டுக் கொடுத்தார். விக்டோரியா அருவியில் மூன்று இரவு, ஒரு நாள் போட்ஸ்வானாவின் சோபே பூங்கா, அப்புறம் விமானம் ஏறிக் கேப்டவுன். அதைப் பார்த்ததும் மனசு ஒட்டவில்லை. நாட்டின் ஓர் ஓரத்தில் இறங்கி அதே ஓரத்தில் ஏறிவிடுகிறோம். பன்னிரண்டு நாளும் ஜிம்பாப்வேயிலேயே இருந்தால் என்ன என்று தோன்றுகிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள். நாங்கள் சைவம், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்வீடு எழுதியது:

வணக்கம் சகோதரி. வேலை நிமித்தமாகப் புலவாயோவில் ஆறு வருடம் இருந்தவன் நான். உங்கள் மனசு சொல்வதுதான் சரி. அருவியை மட்டும் பார்த்துத் திரும்புபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அருவி பிரமாதம்தான். ஆனால் அந்த நாடு அருவிக்குப் பின்னால் இருக்கிறது.

ஹராரேயில் இறங்குங்கள். தெற்கே சுமார் 290 கி.மீ. வந்தால் மஸ்விங்கோ, அதன் பக்கத்தில் கிரேட் ஜிம்பாப்வே என்ற பழைய கல்நகரம். அங்கே இரண்டு இரவு. மேற்கே 280 கி.மீ. போனால் புலவாயோ. அங்கே மூன்று இரவு தங்கி மடோபோ குன்றுகளையும் காமி இடிபாடுகளையும் பாருங்கள். பிறகு வடமேற்கே ஹ்வாங்கே தேசியப் பூங்காவில் நான்கு இரவு. கடைசி இரண்டு இரவுக்கு அருவி. அங்கிருந்தே விமானம் ஏறிவிடலாம்.

அருவியைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. முதலில் பார்த்துவிட்டால் அதன் இரைச்சலே காதில் நிற்கும், பிறகு வரும் அமைதியான இடங்கள் சப்பென்று ஆகிவிடும். கல்லில் தொடங்கி, காட்டுக்குப் போய், தண்ணீரில் முடியுங்கள்.

செப்டம்பர் நல்ல மாதம். மழை பெய்து நான்கைந்து மாதம் ஆகியிருக்கும், புல் உயரம் குறைந்திருக்கும். காட்டுக்குள் சிதறிக் கிடந்த விலங்குகள் எஞ்சிய நீர்நிலைகளைத் தேடி வரும். அக்டோபரில் இன்னும் அதிகம் வரும், ஆனால் வெயில் தாங்காது. ஏப்ரலில் அருவி முழு வேகத்தில் இருக்கும். 1,708 மீட்டர் அகலத்துக்கு விழும் தண்ணீர் கிளப்பும் சாரலில் எதிரில் நிற்பவர்கூடத் தெரிய மாட்டார். செப்டம்பரில் தண்ணீர் குறைவு என்பதால் பாறையின் வடிவமும் பள்ளத்தின் ஆழமும் தெளிவாகத் தெரியும். எல்லைக்கு அப்பாலுள்ள சாம்பியா பக்கம் அப்போது வறண்டுபோகத் தொடங்கும், ஜிம்பாப்வே பக்கம் தண்ணீர் விழுந்துகொண்டுதான் இருக்கும்.

தூரதேசி எழுதியது:

கல்வீடு அண்ணன் சொன்னதில் பாதிக்கு நான் மறுப்பு சொல்ல வேண்டியிருக்கிறது. மன்னிக்கவும்.

நாங்கள் நான்கு பேர் வாடகைக் காரில் இதே மாதிரி சுற்றினோம். புலவாயோவிலிருந்து அருவிக்குப் போகும் சாலை சுமார் 440 கி.மீ. வரைபடத்தில் நேர்க்கோடு போல இருக்கும். போனால்தான் தெரியும். ஹ்வாங்கே நிலக்கரிப் பகுதியில் லாரிகள் ஓடி ஓடிச் சாலையைத் தின்றுவிட்டன. ஒரு குழியில் இறங்கி டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்றில்லை. வண்டி கொடுத்த நிறுவனம் போனை எடுக்கவில்லை, திரும்பி வந்தபின் டயருக்கும் பணம் பிடித்துக்கொண்டது. வழியில் நின்ற ஒரு லாரிக்காரர்தான் ஒரு மணி நேரம் செலவழித்து எங்களைக் கிளப்பிவிட்டார். பணம் நீட்டினோம், வாங்கவே இல்லை.

குழந்தையோடு போகிறவர்களுக்கு இத்தனை கிலோமீட்டர் வேண்டாம். கிரேட் ஜிம்பாப்வேயை விட்டுவிடலாம். அதற்குச் செலவாகும் நாட்களில் மானா பூல்ஸ் தேசியப் பூங்காவுக்குப் போகலாம். சாம்பேசி ஆற்றங்கரை, வேலி இல்லாத முகாம். அங்கே ஒருவகைப் பெரிய வேலமரம் இருக்கிறது. மழைக்காலத்தில் இலை உதிர்த்துவிட்டு, மற்ற மரமெல்லாம் காய்ந்து நிற்கும் வறண்ட மாதங்களில் பச்சையாக இருக்கும். அதன் சுருள் சுருளான காய்களுக்காக யானைகள் கிளைக்கு எட்டி நிற்கும். சில ஆண் யானைகள் பின்னங்கால் இரண்டில் எழுந்து நின்று தும்பிக்கையை நீட்டிக் கிளையை வளைக்கும். நான் கண்ணால் பார்த்தேன். அத்தனை எடை எழுந்து நிற்கும்போது நம் வயிறு என்னவோ செய்கிறது.

ஒரு எச்சரிக்கை: அங்கே ஆரஞ்சு மாதிரிப் பழங்களைக் கொண்டு போகக் கூடாது. யானைக்கு வாசனை தெரிந்தால் கூடாரத்தையோ காரையோ பிரித்துவிடும். கருநீல உடையும் கறுப்பு உடையும் வேண்டாம், செட்சி ஈக்கள் அந்த நிறங்களைத் தேடி வந்து கடிக்கும்.

கல்வீடு எழுதியது:

சாலை பற்றித் தம்பி சொன்னது உண்மை, நான் அதைக் குறைத்துச் சொல்லிவிட்டேன். சொந்தமாக ஓட்டாமல் ஓட்டுநரோடு வண்டி எடுத்துக்கொள்ளுங்கள். இடதுபக்கம் ஓட்டும் நாடுதான் என்றாலும், மாடும் கழுதையும் சாலையில் படுத்திருக்கும். இருட்டிய பின் எக்காரணம் கொண்டும் வண்டி ஓட வேண்டாம். மானா பூல்ஸ் அற்புதமான இடம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது நாட்டின் வடகோடி, ஹ்வாங்கேயோடு சேர்த்தால் பயணம் முழுக்க வண்டியிலேயே கழியும். முதல் தடவை போகிறவர்கள் ஒரே காட்டில் நான்கு நாள் உட்கார்வதுதான் நல்லது.

ஆனால் கிரேட் ஜிம்பாப்வேயை விட்டுவிடலாம் என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

அந்த நாட்டின் பெயரே அந்த இடத்திலிருந்து வந்தது. ஷோனா மொழியில் 'ட்சிம்பா ட்சா மாப்வே', கல்வீடுகள். என் பெயரும் அங்கிருந்து எடுத்ததுதான். 11ஆம் நூற்றாண்டிலிருந்து 15ஆம் நூற்றாண்டு வரை எழும்பிய நகரம், 700 ஹெக்டேருக்கு மேல் பரவிக் கிடக்கிறது. பெரிய வளாகத்தின் வெளிச்சுவர் சுற்றளவு சுமார் 250 மீட்டர், உயரம் 11 மீட்டர் வரை. சுண்ணாம்பு இல்லை, மண்சாந்து இல்லை, கல்லின் மேல் கல் மட்டும். மூலை என்பதே கிடையாது, சுவர் வளைந்து வளைந்து போகும். கூரையைத் தாங்குவதற்காக எழுப்பிய சுவர் அல்ல அது. உள்ளே மக்கள் மண்வீடுகளில்தான் இருந்தார்கள். இரண்டு உயரமான சுவர்களுக்கு நடுவே ஓர் ஆள் மட்டும் போகக்கூடிய சந்து ஒன்று கூம்புக் கோபுரம் வரை போகிறது. காலை ஏழு மணிக்கு அதில் நடந்துபாருங்கள். கல் இன்னும் குளிர்ந்திருக்கும்.

இந்த இடத்தை அதன் சொந்தக்காரர்களிடமிருந்து பிடுங்கப் பார்த்தார்கள், அது தெரிந்து போனால்தான் அந்தச் சுவரின் அருமை புரியும். 1871இல் வந்த ஜெர்மானியர் கார்ல் மௌக், ஒரு மரத்துண்டு தன் பென்சில் மரத்தைப் போல் இருப்பதைப் பார்த்து, இது லெபனான் தேவதாரு, ஆகவே இது ஷீபா ராணியின் அரண்மனை என்று முடிவு கட்டினார். பிறகு இந்த நிலத்தைப் பிடித்த பிரிட்டிஷ்காரர் செசில் ரோட்ஸின் ஆட்கள் காலத்தில் தங்கம் தேடியும் 'பிற்காலக் குப்பை' என்று சொல்லியும் மண்ணடுக்குகளை வாரிக் கொட்டினார்கள். அந்த மண்ணில்தான் ஆதாரமே இருந்தது. 1905இல் தொல்லியலாளர் ரண்டால் மெக்கைவர் இது ஆப்பிரிக்கர் கட்டியது என்று எழுதினார். 1929இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் முறையாகத் தோண்டி அதை உறுதி செய்தார். அப்படியும் அப்போது ரொடீசியா என்ற பெயரில் நாட்டை ஆண்ட வெள்ளையர் அரசு விடவில்லை. உண்மையைப் பேசிய தொல்லியலாளர் பீட்டர் கார்லேக் 1970இல் நாட்டைவிட்டே போக நேர்ந்தது. கறுப்பர்கள் இதைக் கட்டினார்கள் என்று ஒப்புக்கொண்டால் அவர்களை ஆள்வதற்கு என்ன நியாயம் மிஞ்சும்? அதுதான் அச்சம்.

அங்கே கிடைத்த சோப்புக்கல் பறவைகளில் பல வெளிநாடு போயின. 1981இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து நான்கு திரும்பி வந்தன, பதிலுக்குப் பூச்சிகளின் சேகரிப்பு ஒன்றைக் கொடுத்து. இன்று அந்தப் பறவைதான் கொடியில் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் அவற்றின் முன்னால் பள்ளிப் பிள்ளைகள் சத்தமில்லாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. அங்கே சீனப் பீங்கானும் பாரசீகப் பாண்டமும் இந்தியாவிலிருந்து போன கண்ணாடி மணிகளும் கிடைத்திருக்கின்றன. சோஃபாலா துறைமுகம் வழியாக இங்கிருந்து மணியும் துணியும் போயிருக்கின்றன, அங்கிருந்து பொன்னும் தந்தமும் வந்திருக்கின்றன. எண்ணூறு வருடத்துக்கு முந்தைய கொடுக்கல் வாங்கல் அது. மகளிடம் சொல்லுங்கள்.

தூரதேசி எழுதியது:

அண்ணா, இவ்வளவு எனக்குத் தெரியாது. நாங்கள் போனபோது மஸ்விங்கோவில் பெட்ரோல் போட்டுவிட்டுக் கடந்து போய்விட்டோம். இப்போது நெஞ்சு பதைக்கிறது. என் ஆலோசனையைத் திரும்பப் பெறுகிறேன்.

மன்னார்க்காற்று எழுதியது:

நான் மன்னாரைச் சேர்ந்தவள், இப்ப இருப்பது லூசாக்காவில். சாம்பியா பக்கமிருந்து அடிக்கடி எல்லை கடந்து போவதுண்டு. இரண்டு விசயம் சொல்ல வேண்டும்.

முதலாவது, விக்டோரியா அருவி ஊருக்குள் ஒரு மிகப் பெரிய மரம் இருக்கிறது. எல்லோரும் படம் எடுப்பார்கள். நான் முதன்முதல் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. அது எங்கள் ஊர்ப் பெருக்கமரம், பாவோபாப்! மன்னார்த் தீவிலும் நெடுந்தீவிலும் நிற்கிற அதே மரம். அரேபிய வணிகர்கள் கொண்டுவந்து நட்டது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். மன்னாரில் ஒற்றையாய் நிற்கிற அந்நிய மரம், அங்கே காடு காடாய்ச் சொந்த வீட்டில் நிற்கிறது. அதன் பழத்தைச் சந்தையில் விற்பார்கள். உள்ளே வெள்ளையாய் மாவு மாதிரி இருக்கும், புளிப்பு. வாயில் போட்டு ஊறவிட்டுச் சாப்பிட வேண்டும்.

இரண்டாவது, கரீபா. யாராவது சாம்பேசி ஆற்றை அணை கட்டித் தேக்கிய கரீபா ஏரியில் படகுவீட்டுப் பயணம் போகச் சொல்லுவார்கள். அழகான இடம், போகலாம். ஆனால் அந்த ஏரிக்கு அடியில் தோங்கா மக்களின் ஊர்கள் கிடக்கின்றன. 1950களின் கடைசியில் அணை கட்டியபோது இரு கரையிலுமாக சுமார் 57,000 பேரைக் கிளப்பினார்கள். ஆற்றோரத்தில் வருடத்துக்கு இரு போகம் விளைவித்தவர்களை வறண்ட மேட்டு நிலத்தில் இறக்கிவிட்டார்கள். அதே நேரம் தண்ணீரில் அகப்பட்ட விலங்குகளைப் படகில் மீட்ட 'நோவா நடவடிக்கை' உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. ஆறாயிரம் அளவில் விலங்குகள் தப்பின, நல்ல காரியம்தான். மனிதர்களைப் பற்றி அந்த அளவுக்கு எவரும் எழுதவில்லை. ஆற்றில் ஞாமிஞாமி என்ற பாம்புத் தெய்வம் இருப்பதாகவும், அணை அதைத் துணையிடமிருந்து பிரித்துவிட்டதாகவும் தோங்கா மக்கள் நம்புகிறார்கள். அதன் உருவம் செதுக்கிய கைத்தடிகள் கடைகளில் கிடைக்கும். வாங்கினால் அந்தக் கதையையும் சேர்த்து வாங்குங்கள். இடம்பெயர்ந்த குடும்பத்தில் பிறந்தவள் என்பதால் எனக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

சிறுவாணிக்காரி எழுதியது:

அக்கா, உங்கள் பதிவை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நன்றி.

கல்வீடு அண்ணன் சொன்ன வழியையே எடுத்துக்கொள்கிறோம், ஓட்டுநரோடு. இப்போது சில்லறைக் கேள்விகள்: தடுப்பூசி, பணம், சாப்பாடு, பிள்ளைக்குப் பாதுகாப்பு.

மருந்துப்பெட்டி எழுதியது:

செவிலியர் என்ற முறையில் முதல் கேள்விக்கு மட்டும் பதில். ஜிம்பாப்வேயில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. ஆனால் எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் உள்ளவை. அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் பறப்பதாக இருந்தால் பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது ஊசி போட்டுச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். திரும்பி வரும்போது சான்று இல்லாவிட்டால் நம் விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தும் அதிகாரம் அங்குள்ள சுகாதார அதிகாரிகளுக்கு உண்டு. சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும்.

மலேரியாவை அலட்சியம் செய்யாதீர்கள். புலவாயோ மேட்டு நிலம், அபாயம் குறைவு. ஹ்வாங்கேயிலும் அருவியிலும் சாம்பேசிப் பள்ளத்தாக்கிலும் கொசு உண்டு. எந்தத் தடுப்பு மாத்திரை என்பதை மருத்துவர் மகளின் எடையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஊர் திரும்பிய பிறகும் சொன்ன நாள்வரை விழுங்க வேண்டும், பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். வந்த ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் கண்டால் ஆப்பிரிக்கா போய் வந்தோம் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

கல்வீடு எழுதியது:

பணம்: அமெரிக்க டாலர்தான் எங்கும் ஓடும். 2024 ஏப்ரலில் 'ஜிக்' என்று புது நாணயம் கொண்டுவந்தார்கள், பயணிகளுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. ஒன்று, ஐந்து, பத்து டாலர் நோட்டுகளாக நிறைய வைத்துக்கொள்ளுங்கள், சில்லறை கிடைப்பது கஷ்டம். விசா விதி மாறிக்கொண்டே இருக்கும், அவர்களுடைய குடிவரவுத் துறைத் தளத்தில் கிளம்பும் முன் பாருங்கள்.

சாப்பாடு: கவலையே வேண்டாம். சாட்ஸா என்பது மக்காச்சோள மாவுக் களி. நம் ராகிக் களி மாதிரியேதான், கையால் உருட்டித் தொட்டுச் சாப்பிடுவார்கள். தொட்டுக்கொள்ளக் கீரை. அதிலும் நிலக்கடலை விழுது சேர்த்துக் கிண்டிய கீரை இருக்கிறதே, எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது. இறைச்சிச் சாறு ஊற்றாமல் வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். மகேயு என்று புளித்த கூழ் விற்பார்கள், வெயிலுக்கு இதம்.

மடோபோவில் நன்றாக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கருங்கல் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று யாரோ அடுக்கி வைத்ததுபோல நிற்கும். ந்ஸ்வாட்டுகி குகையில் வேட்டையாடி வாழ்ந்த சான் பழங்குடி மக்கள் தீட்டிய ஒட்டகச்சிவிங்கி இருக்கிறது, இன்றைக்கு வரைந்ததுபோல. போமோங்வே குகையில் பாதுகாக்கிறோம் என்று எண்ணெய் பூசி ஓவியங்களைக் கெடுத்துவிட்டார்கள், இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள். ரோட்ஸின் கல்லறை அங்கேதான் ஒரு குன்றின் உச்சியில். அந்தக் குன்றின் பழைய பெயர் மலிண்டிட்சிமு, ஆவிகள் உறையும் இடம். அவரை அங்கே புதைத்தது 1902இல். எடுத்துவிட வேண்டும் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு, எனக்கும் அதே எண்ணம்தான். காண்டாமிருகங்களை நடந்துபோய்ப் பார்க்கலாம். ஆனால் படம் எடுக்கும்போது போனில் இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள். வேட்டைக் கும்பல்கள் இணையத்தில் அதைத் தேடுகின்றன.

பிள்ளையின் பாதுகாப்பு: நடைப்பயணங்களில் வயது வரம்பு இருக்கும், முன்பதிவின்போதே கேளுங்கள். வண்டியில் போகும்போது வழிகாட்டி சொல்வதைக் கேட்டால் போதும். ஜிம்பாப்வேயின் தொழில்முறை வழிகாட்டி உரிமம் பெறப் பல வருடம் ஆகும், கடுமையான தேர்வு. அவர்களை நம்பலாம்.

கூடலூரான் எழுதியது:

எனக்கு ஒரு கேள்வி, கொஞ்சம் மனக்கசப்போடுதான் கேட்கிறேன். எங்கள் ஊரில் யானை வந்து வாழையை மிதித்துப் போகும். ஆளையும் அடித்திருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு யானை அழகு. அங்கே பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் என்ன நினைக்கிறார்கள்?

கல்வீடு எழுதியது:

நியாயமான கேள்வி தம்பி. பதில் கொஞ்சம் நீளம்.

ஹ்வாங்கே சுமார் 14,600 சதுர கி.மீ. அதற்குள் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. 1928இல் காப்பகமாக அறிவித்தபோது அங்கே யானை ஆயிரம்கூட இல்லை. வறண்ட மாதங்களில் தண்ணீர் இல்லாமல் அவை வேறெங்கோ போய்விடும். முதல் காப்பாளர் டெட் டேவிசன் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டுக் குட்டைகளை நிரப்பினார். யானைகள் தங்கின, பெருகின. இப்போது 45,000 என்கிறார்கள். அன்றிலிருந்து இன்றுவரை யாராவது ஒருவர் பம்பு ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முன்பு டீசல், இப்போது நிறைய இடங்களில் சூரிய மின்சாரம். வளர்ந்த யானை நாளுக்கு நூறு லிட்டருக்கு மேல் குடிக்கும். 2023 கடைசியில் மழை தள்ளிப்போனபோது நூறு யானைகளுக்கு மேல் செத்தன. இதைத் தெரிந்துகொண்டு ஒரு குட்டையின் கரையில் உட்கார்ந்தால், காதில் விழும் அந்தப் பம்புச் சத்தம் தொந்தரவாகத் தெரியாது.

பூங்காவுக்கு வேலி இல்லை. வெளியே வரும் யானை ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் வருடச் சோளத்தைத் தின்றுவிடும். 1989இல் 'கேம்ப்ஃபயர்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். விலங்கினால் வரும் வருமானத்தில் பங்கு அந்தந்த மாவட்ட ஊர்களுக்குப் போக வேண்டும் என்பது அதன் அடிப்படை. அந்த வருமானத்தில் பெரும்பகுதி வெளிநாட்டவர் பணம் கட்டிச் சுடும் வேட்டையிலிருந்து வந்தது. எனக்கு அது பிடிக்காது. 2015இல் சீசில் என்ற சிங்கம் பூங்காவுக்கு வெளியே கொல்லப்பட்டபோது உலகமே கொதித்தது. ஆனால் என்னோடு வேலை பார்த்த ஒருவர், 'எங்கள் மாட்டைச் சிங்கம் கொன்றபோது யாரும் பேர் கேட்கவில்லை' என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வேட்டைப் பணம் வேண்டாம் என்றால் அந்த ஊருக்கு வேறு பணம் போக வேண்டும். அதனால்தான் ஊரார் நடத்தும் தங்குமிடம், ஊர் வழிகாட்டி, ஊர்க் கைவினை என்று தேடிச் செலவழியுங்கள் என்கிறேன்.

உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒன்று: சாம்பேசிப் பக்கம் காய்ந்த மிளகாயை யானைச் சாணத்தில் பிசைந்து கட்டியாக்கி, வயல் ஓரத்தில் புகையவிடுவார்கள். யானை அந்த நெடிக்கு ஒதுங்கும். தினமும் செய்ய வேண்டும், அதுதான் சிரமம்.

கூடலூரான் எழுதியது:

நன்றி அண்ணா. மாட்டுக்காரர் சொன்னதை எங்கள் ஊரில் சொன்னால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். மிளகாய்க் கட்டியை இந்தப் பருவத்தில் முயன்று பார்க்கிறேன்.

சிறுவாணிக்காரி எழுதியது:

போய் வந்துவிட்டோம். மூன்று வாரம் ஆகிறது, இன்னும் மனசு திரும்பவில்லை.

கிரேட் ஜிம்பாப்வேயில் ஒரு நாள் போதும் என்று நினைத்திருந்தோம், இரண்டு நாளும் அங்கேயே கழிந்தன. காலையில் அந்தச் சந்தில் மகள் சுவரைத் தொடாமல், கையைச் சுவருக்கு ஒரு விரல் தள்ளி வைத்துக்கொண்டே நடந்தாள். ஏன் என்று கேட்டேன். தொட்டால் தேயும் என்றாள்.

ஹ்வாங்கேயில் முதல் நாள் இங்கும் அங்கும் வண்டியில் அலைந்தோம். இரண்டாம் நாள் ந்யாமண்ட்லோவு குட்டையின் மர மேடையில் மதியம் ஏறி உட்கார்ந்தோம், இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வரிக்குதிரை, குடு மான், நீருக்குள் நீர்யானை. நாலரை மணிக்கு மேல் மரங்களுக்குப் பின்னால் புழுதி கிளம்பியது. தண்ணீர் வாசம் பட்டதும் குட்டிகள் ஓடத் தொடங்கின, பெரியவை பின்னால். நாற்பதுவரை எண்ணினேன், அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். பம்பு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

தேத்தே ஊரில் காட்டுநாய்களைக் காக்கும் மையத்துக்கும் போனோம். காட்டிலிருந்து எடுத்த கண்ணிக் கம்பிகளை முறுக்கிச் செய்த ஒரு சின்ன நாய்ப் பொம்மை இப்போது மகள் மேசையில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று, இதை இங்கே யாரும் சொல்லவில்லை. எங்கள் ஓட்டுநர் ஷோனாக்காரர். வழியில் ஒரு காவல் சோதனையில் காவலரும் அவரும் பேசிக்கொண்டிருந்தார்கள், திடீரென்று இருவரும் சிரித்து, 'சமன்யாங்கா' என்று அழைத்துக்கொண்டார்கள். கிளம்பியதும் கேட்டேன். இருவருக்கும் குலச்சின்னம் யானையாம். தந்தங்களுக்கு உரியவர் என்ற பொருளில் மரியாதையாக அப்படி அழைப்பார்களாம். சிங்கம், குரங்கு, மீன்கழுகு என்று ஒவ்வொரு குலத்துக்கும் ஒன்று. ஒரே சின்னக்காரர்கள் உடன்பிறப்பு முறை, பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில்லை. தன் சின்னத்தைச் சாப்பிடவும் மாட்டார்கள்.

என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாங்கள் கொங்குப் பக்கம், காடை கூட்டம். ஆந்தை கூட்டத்திலிருந்து வந்தவள் நான். எங்களிலும் ஒரே கூட்டத்துக்குள் கல்யாணம் கிடையாது என்று அவர் சொல்லச் சொல்ல, ஓட்டுநர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பி உட்கார்ந்து கேட்டார். காடை எப்படி இருக்கும் என்று மகள் நோட்டில் வரைந்து காட்டினாள்.

அதற்கப்புறம் அருவி போய்ச் சேரும்வரை, சாலையோரப் புல்லில் எந்தச் சின்னப் பறவை ஓடினாலும் அவர் வேகத்தைக் குறைத்து, என் கணவரிடம் 'உங்கள் ஆட்கள்' என்று காட்டிக்கொண்டே வந்தார்.